தங்கச்சிமடத்தில் ஒரு சுரூபப் பட்டறை

எங்கள் வீட்டு முகப்பிலுள்ள கெபியில் (சிறு மாடத்தில்) இருபது ஆண்டுகளாக நின்ற இரண்டடி உயரப் புனித அந்தோணியார் சுரூபம் (சிலை), உப்புக்காற்றில் நிறம் உதிர்ந்து, குழந்தை இயேசுவைத் தாங்கிய கையில் வெடிப்பும் கண்டுவிட்டதால், தை மாதக் கடைசியில் அதைத் தங்கச்சிமடத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பட்டறையில் பழுதுபார்க்கக் கொடுத்தேன்.

பட்டறையை நடத்தும் பெரியவர் விலையைப் பேசுவதற்கு முன் கேட்டது, “மந்திரிச்ச சுரூபமாண்ணே?” என்பதுதான்; சாமியார் செபித்து ஆசீர்வதித்ததா என்று பொருள். ஆம் என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகழுவி, மேசையில் வெளுத்த வேட்டியொன்றை விரித்து, அதன்மேல் அந்தோணியாரை மல்லாக்கப் படுக்கவைத்தார். மந்திரிக்கப்பட்ட பொருள் தனியார் வீட்டில் இருந்தாலும் அதை மரியாதையோடு நடத்த வேண்டும், தகாத வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் பிரிவு சொல்கிறது. அதை அவர் படித்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் சுரண்டியெடுத்த பழைய சாயத்தையும் உடைந்த துணுக்குகளையும் குப்பையோடு சேர்க்காமல் ஒரு டப்பாவில் சேர்த்துவைத்துத் தென்னையடியில் புதைத்ததை நேரில் பார்த்தேன். விற்பனைக்கு வைத்திருக்கும் புதிய சுரூபங்கள் எவையும் மந்திரிக்கப்பட்டவை அல்ல. மந்திரித்ததை விற்பது பாவம், வாங்கிய பிறகு பங்குச்சாமியாரிடம் கொண்டுபோங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

உடன்வந்த நண்பர் பெந்தகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். பிளாஸ்டர் மாவுப் பொம்மைக்கு இத்தனை மரியாதையா என்று சிரித்தார். ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது, உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சென்று சேரும் என்று 787இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் வகுத்ததை நான் நீட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, “மாவுதாண்ணே. அதுக்காக அப்பா போட்டோவக் கால்ல தள்ளுவமா?” என்று முடித்துவிட்டார்.

வெடிப்புக்குக் காரணம், கைக்குள் இருந்த இரும்புக் கம்பி உப்பு ஈரத்தில் துருப்பிடித்துப் பருத்து மாவைப் பிளந்ததுதான். அந்தக் கம்பியை அறுத்தெடுத்து, துருப்பிடிக்காத கம்பி வைத்துப் பூசியிருக்கிறார். ஒட்டுப்போட்ட இடம் விரலால் தடவினாலும் தெரியவில்லை. திறந்தவெளிக் கெபிக்கு மாவுச் சுரூபத்தைவிட ஃபைபர் சுரூபமே நீடிக்கும் என்று, தம் பிழைப்புக்கு எதிராகவே சொன்னார். அங்கியின் காவிநிறமும் லீலி மலரின் வெண்மையும் அடக்கமாக அமைந்தன. குழந்தை இயேசுவின் முகத்தை மட்டும் உதவியாளனிடம் விடாமல், காலை வெளிச்சத்தில் தாமே தீட்டினார்; அது நன்றாக வந்திருக்கிறது. அந்தோணியாரின் உதடுகளோ கல்யாண ஆல்பத்தில் இருப்பதுபோல் சிவந்திருந்தன. சொன்னதும், முணுமுணுப்போடு என்றாலும், காசு கேட்காமல் திருத்திக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்று சொன்ன வேலை, மாசியில் வரும் கச்சத்தீவுத் திருவிழா நெருக்கடியில் இருபத்தேழு நாள் இழுத்தது. தொலைபேசியை எடுப்பதே இல்லை. 1,800 ரூபாய் என்று பேசிய கூலி கடைசியில் 2,300 ஆனது, ரசீதும் கிடையாது. உதவியாளனான பையன் இன்னும் பழகவில்லை: விற்பனைக்கிருந்த மாதா சுரூபத்தின் கையில் தன் ஹெல்மெட்டை மாட்டியிருந்தான். “இன்னும் மந்திரிக்கலையே” என்று சமாதானம் சொன்னவனை ஒருகணம் முறைத்துப் பார்த்துவிட்டு, பெரியவர் தாமே எழுந்துபோய் ஹெல்மெட்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

திரும்பும்போது வைக்கோல் பொதிந்து, அதே வேட்டியில் சுற்றிக் கொடுத்து, பேருந்தில் இருக்கைக்கு அடியில் தள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டு போகச் சொன்னார். பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரை அப்படியே வந்தேன், கால் மரத்துப்போயிற்று. ஜூன் 13 அந்தோணியார் திருநாளுக்கு வேண்டுவோர் சித்திரையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. கூலியை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.