ஜேம்ஸின் புத்தகம்: குறி மட்டுமா, குறியோடு எஸ்ஸுமா?

'எஸ்' எழுத்தில் முடியும் ஆங்கிலப் பெயரை உடைமைப் பொருளில் எழுதும்போது, அபாஸ்ட்ரஃபி (') குறியை மட்டும் இடுவதா (James'), அதன்பின் இன்னோர் எஸ்ஸையும் சேர்ப்பதா (James's) என்று பலர் தயங்குகிறார்கள்; இரண்டுமே பிழையல்ல.

ஒலிப்பு: பெரும்பாலோர் 'ஜேம்ஸிஸ்' என்று இரண்டு அசைகளாகவே சொல்வதால், எஸ் சேர்த்த வடிவம் பேச்சை அப்படியே காட்டுகிறது, குறி மட்டுமுள்ள வடிவம் அந்தக் கூடுதல் அசையை வாசிப்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. என் கணிப்பில் இதுவே முக்கியமான வேறுபாடு.

எளிமை: குறி மட்டும் இட்டால் ஓர் எழுத்து மிச்சம், எஸ் சேர்த்தால் ஒருமைப் பெயர்கள் அனைத்துக்கும் ஒரே விதி.

ஆதரவு: அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸின் நடைக் கையேடு இத்தகைய பெயர்களுக்குக் குறி மட்டும் போதும் என்கிறது, நூல் பதிப்பில் பயன்படும் சிகாகோ நடைக் கையேடு எஸ்ஸையும் கேட்கிறது. இடப்பெயர்களிலோ வழக்கமே விதி: லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்கு எஸ் உண்டு, நியூகாசிலில் அதே பெயருள்ள கால்பந்து மைதானத்துக்கு இல்லை.

எஸ்ஸில் முடியும் பன்மைச் சொற்களுக்குக் குறி மட்டுமே. அங்கே தேர்வுக்கு இடமில்லை.

செய்தி எழுதுவோருக்குக் குறி மட்டுமுள்ள வடிவமும், நூலோ ஆய்வுக் கட்டுரையோ எழுதுவோருக்கு எஸ் சேர்த்த வடிவமும் பொருந்தும்.