டைகர் டாங்கிக்கு ரெசினா, பித்தளையா, பிரின்ட்டா?

டைகர் 1, இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் டாங்கி. அதன் கடைசிக்கால ரகத்தை, மாடல் கம்பெனியான டாமியாவின் 1/35 அளவு பிளாஸ்டிக் கிட்டிலிருந்து இதுவரை இரண்டு முறை கட்டியிருக்கிறேன். முதல் தடவை, கிட்டின் பாகங்களுக்குப் பதிலாகப் போடும் உதிரிகளில் கண்ணில் பட்டதெல்லாம் வாங்கினேன்: ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்), பித்தளை, 3டி பிரின்ட். கிட் விலையை உதிரிகளின் விலை தாண்டியது. அதில் பாதி இன்றும் டப்பாவில் அப்படியே கிடக்கிறது. இரண்டாம் தடவை ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: அசல் டாங்கியில் இதை எப்படிச் செய்தார்கள்? தகட்டை வெட்டியா, உருக்கி ஊற்றியா, லேத்தில் கடைந்தா? அசலுக்கு எந்த வழியோ, அதே வழியில் செய்த உதிரிதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. எங்கே ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்கிறேன்.

பீரங்கிக் குழலில் யோசிக்கவே வேண்டாம். டைகரின் 8.8 செ.மீ. பீரங்கி எல்/56. அதாவது குழல் நீளம் அதன் உள்விட்டத்தைப் போல 56 மடங்கு. கணக்குப் போட்டால் 4928 மி.மீ. மாடலில் அது ஏறக்குறைய 14 செ.மீ. இவ்வளவு நீளமான குழலை இரண்டு பாதியாக ஒட்டி, இணைப்புக் கோடு மறைய உப்புத்தாள் போட்டால், வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். ரெசின் குழல் நேராக வந்தாலும் நேராகவே இருக்கும் என்று நம்ப முடியாது; நீளமும் ஒல்லியுமான ரெசின் சூட்டில் வளையும். 3டி பிரின்ட் குழலில் படுக்கை வாட்டத்தில் அச்சடித்தால் அடுக்குக் கோடு, நிமிர்த்தி அச்சடித்தால் இடிபட்டதும் ஒடிகிற பயம். லேத்தில் கடைந்த அலுமினியக் குழல் வாங்கி, முனையில் பித்தளை மஸில் பிரேக்கை (குழல்வாயில் இருக்கும் தடித்த துண்டு) திருகிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

மட்கார்டுக்கும் என்ஜின் மூடியின் வலைக்கும் பித்தளைதான். கிட்டில் உள்ள பக்கவாட்டு மட்கார்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் 0.7 மி.மீ. இருந்தால், அசல் அளவில் அது இரண்டரை சென்டிமீட்டர் இரும்பு! மெல்லிய தகரமாக, எங்காவது மோதினால் நெளிந்து தொங்க வேண்டிய சாமான் அது. 0.15 மி.மீ. எட்ச் தகடு (ரசாயனத்தில் அரித்து வெட்டிய மெல்லிய பித்தளை) அசல் அளவில் 5 மி.மீ. ஆகிறது; கண் அதை நம்பிவிடும். லைட்டர் தீயில் காட்டி ஆறவிட்டால் பித்தளை இளகும். அப்புறம் விரலாலேயே நெளிக்கலாம். ரெசினில் இதைச் செய்யப் போனால் அந்த மெல்லிசு வராது. வந்தாலும் பெட்டியைத் திறப்பதற்குள் உடைந்திருக்கும்.

அதே பித்தளை, கருவிகளைப் பிடித்துவைக்கும் கிளிப்புகளுக்கு வரும்போது ஆளைக் கொல்லும். ஒரு மி.மீ. துண்டை மூன்றாக மடித்து, கைப்பிடி வைத்து, மண்வெட்டிக்கும் கோடரிக்கும் தனித்தனியாக மாட்ட வேண்டும். என் முதல் டைகரில் இடுக்கியிலிருந்து தெறித்த கிளிப்புகளைத் தேடித் தரையில் தவழ்ந்த நேரம், மாட்டிய நேரத்தைவிட அதிகம். அசலில் அதுவும் தகட்டு வேலைதான். என் விதிப்படி பித்தளை ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் கருவியும் கிளிப்புமாக ஒரே துண்டாக வரும் 3டி பிரின்ட் இருக்கும்போது நான் ஏன் மடிக்க வேண்டும்? விதி இங்கே அடிபடுகிறது, எனக்கு வருத்தமில்லை.

இனி ஸிம்மரிட். இங்கேதான் காசும் வீணாகும், பொறுமையும் போகும்.

காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க ஜெர்மானியர்கள் டாங்கிமேல் பூசிய கலவை அது. பேரியம் சல்பேட், துத்தநாக சல்ஃபைடு, காவி நிறமி, மரத்தூள், இவற்றைப் பிடிக்க பாலிவினைல் அசிடேட். கடைசியில் சொன்னது நம் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையின் குடும்பம்தான். பல்லுள்ள கரணையால் இழுத்து, வாரிய தலை மாதிரி வரி வரியாக விட்டார்கள். தொழிற்சாலைகளில் 1943 கோடை முடிவில் ஆரம்பித்து 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்டு இப்போது இங்கிலாந்தின் பாவிங்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் டைகர் 131 மாதிரியைக் கட்டுகிறீர்கள் என்றால் இந்தச் செலவே கிடையாது. கடைசிக்கால டைகர் என்றால் தப்பிக்க வழியில்லை.

வழிகள் நான்கு. டாமியாவே விற்கும் ஸ்டிக்கர் மலிவு, வேகம். ஆனால் வரிகள் அச்சடித்த ஒழுங்கில் இருக்கும், மூலைகளில் தூக்கிக்கொள்ளும். எட்ச் பித்தளையில் ஸிம்மரிட் வருகிறது. தட்டையான பக்கச் சுவருக்குப் பரவாயில்லை. டரட்டின் (பீரங்கி இருக்கும் சுழல் கூண்டின்) வளைவில் அதைச் சுற்றி ஒட்டும்போது ஒரு முனை படிந்தால் மறுமுனை எழும்.

மூன்றாவது, போலந்தின் அடாக் போன்றவர்கள் செய்யும் ரெசின் தகடுகள். என் முதல் டைகரில் போட்டது ஒரு ரெசின் செட்தான். யாருடையது என்பது இங்கே வேண்டாம். பார்வைக்கு அபாரம். பூச்சு உதிர்ந்த இடம், கரணை தடுமாறிய இடம் எல்லாம் செதுக்கப்பட்டிருந்தது. டரட் தகடு வளையவில்லை, வெந்நீரில் போடச் சொல்லியிருந்தார்கள். நான் கொதிக்கிற நீரில் போட்டுவிட்டேன். அப்பளம் மாதிரி சுருண்டது. இன்னொரு முறை, கொஞ்சம் ஆறிய நீரில் போட்டு, டரட்டின்மேல் அழுத்திப் பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டியபோது படிந்தது, ஆனால் நீளம் அரை மி.மீ. குறைவு. பாலியூரித்தேன் ரெசின் இறுகும்போது சற்றே சுருங்கும் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். இடைவெளியைப் புட்டியால் அடைத்து, அதன்மேல் மறுபடி வரி இழுத்தேன். அந்த அரை மி.மீ. பட்டையில் கை பழகியதும்தான் தோன்றியது: முழு டாங்கிக்கும் இப்படியே இழுத்தால் என்ன?

அதுதான் நான்காவது வழி, என் இரண்டாம் டைகர். மாடலுக்கான மென்மையான எபாக்ஸி புட்டியை மெல்லியதாகத் தேய்த்து, ஈரமான பிளேடு முனையால் வரி வரியாக அழுத்துவது. முதல் பக்கத்தை மூன்று முறை சுரண்டி எறிந்தேன். மூன்றாவது பக்கம் நன்றாக வந்தது. அசலிலும் ஓர் ஆள் கரணையை வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தான். அவன் கை தடுமாறிய இடத்தில் என் கையும் தடுமாறியது. ரெசின் செட்டில் இந்தத் தடுமாற்றமும் வாங்குகிற எல்லோருக்கும் ஒன்றே: இடது பின்மூலையில் அதே உதிர்வு, அதே வடிவில். இரண்டு பேர் ஒரே செட்டில் கட்டியதைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

இருந்தாலும் ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும் என்பவருக்கு ரெசின் செட் சரிதான். எந்த கிட்டுக்கென்று போட்டிருக்கிறதோ அதற்கு மட்டும் வாங்குங்கள். டாமியாவுக்கு வார்த்தது இன்னொரு கம்பெனியான டிராகனின் கிட்டில் உட்காராது. டிராகனின் சில கிட்களில் ஸிம்மரிட் அச்சிலேயே வந்துவிடுகிறது, அது தனிக் கதை.

ரெசின் தன் சொந்த ஊரில் நிற்பது வார்ப்புப் பாகங்களில். டைகரின் பெரும்பகுதி உருட்டிய தகடுகளை வெல்டிங் செய்தது. வார்ப்பு என்றால் பீரங்கி முகக்கவசத்தைச் சொல்லலாம். அதற்கு மட்டும் ஒரு ரெசின் துண்டு போதும். இதே சோவியத் டாங்கி டி-34 என்றால் நிலைமை தலைகீழ்: வார்த்த டரட்டின் கரடும், அச்சு சேர்ந்த கோடும் ரெசினில் வருகிற மாதிரி பிளாஸ்டிக்கில் வருவதில்லை. ரெசின் பாகத்தோடு ஒட்டிவரும் ஊற்றுவாய்க் கட்டையை ரம்பத்தால் அறுக்கும்போது மட்டும் முகமூடி போட்டு, உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ட்ராக்கில் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப்பட்டையில்) ரெசினுக்கு இடமில்லை, ஒடியும். போட்டி ஹங்கேரியின் ஃபிரியுல் போன்ற உலோக இணைப்புகளுக்கும் 3டி பிரின்ட்டுக்கும்தான். டைகரில் ட்ராக்கை மேலே தாங்கிப்பிடிக்கும் உருளைகள் கிடையாது. ட்ராக் சக்கரங்களின் தலையிலேயே படுத்துக்கிடக்கும். உலோகம் தன் எடையால் தானே தொய்ந்து படுத்துக்கொள்கிறது. ஆனால் பக்கத்துக்கு 96 இணைப்பு, இரண்டு பக்கமும் 192, அடைபட்ட துளைகளைத் துளைத்துக் கம்பி செருக வேண்டும். பிரின்ட் ட்ராக் கையாலேயே டக்கென்று மாட்டும், நுணுக்கமும் கூடுதல். எடை இல்லாததால் காற்றில் நிற்கும், கீழே அழுத்தி ஒட்டியாக வேண்டும். நான் உலோகத்தின் பக்கம்.

மூட்டை முடிச்சு, தார்ப்பாய்ச் சுருள் இவற்றுக்கு ரெசின் வாங்கினால், அடிப்பக்கத்தை டாங்கியின் மேற்பரப்புக்கு ஏற்பச் சுரண்டி உட்கார வையுங்கள். என் முதல் டைகரின் என்ஜின் மூடிமேல் ஒரு தார்ப்பாய்ச் சுருள் இன்றும் ஒரு மி.மீ. அந்தரத்தில் நிற்கிறது. வீட்டுக்கு வருகிற யாரும் கவனிப்பதில்லை. நான் அதை மட்டும்தான் பார்க்கிறேன்.