மோட்டார்ஹோம் கேஸில் கிரில்: பக்கவாட்டு அவுட்லெட்டா, டேங்க் டீயா, தனிச் சிலிண்டரா?

கையில் தூக்கிச் செல்லும் கேஸ் கிரில்லை மோட்டார்ஹோமின் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியின்) புரொப்பேனில் எரிக்க இரண்டு வழிகள் உண்டு: வண்டிச் சுவரிலுள்ள அவுட்லெட்டிலிருந்து எடுப்பது, அல்லது டேங்கின் அருகே டீ (T வடிவ இணைப்பு) போட்டு எடுப்பது. வண்டியின் கேஸைத் தொடாமல் தனிச் சிலிண்டரோடு இருந்துவிடுவது மூன்றாவது வழி. எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் கிரில்லைத் திருப்பி, அதன் ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது, தனியாகக் கழற்ற வருமா என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

டேங்குக்குள் 21 டிகிரி செல்சியஸில் புரொப்பேனின் அழுத்தம் ஏறத்தாழ 110 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). 38 டிகிரி வெயிலில் 170ஐத் தொடும். வண்டியின் இரண்டு கட்ட ரெகுலேட்டர் அதை முதலில் 10 பிஎஸ்ஐ அளவுக்கும், பிறகு 11 அங்குல நீர் அழுத்தத்துக்கும் இறக்குகிறது. அதாவது வெறும் 0.4 பிஎஸ்ஐ, கிட்டத்தட்ட 27 மில்லிபார். அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாமே இந்த அழுத்தத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் சிறிய கிரில்கள் 465 கிராம் சிலிண்டரைத் திருகி எரிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அந்தச் சிலிண்டரிலும் முழு டேங்க் அழுத்தம்தான். அதனால் கிரில்லோடு ஒரு ரெகுலேட்டர் வருகிறது.

டேங்கிலிருந்து பர்னர் வரையிலான பாதையில் வண்டியின் ரெகுலேட்டர் வேலை செய்ய வேண்டும், அல்லது கிரில்லின் ரெகுலேட்டர் வேலை செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சுடர் சாகும். இரண்டுமே இல்லாவிட்டால் ஆள் உயரத்துக்குத் தீ எழும்.

பக்கவாட்டு அவுட்லெட்

பல மோட்டார்ஹோம்களில் வெளிச்சுவரின் கீழே ஒரு குவிக் கனெக்ட் (செருகியதும் பூட்டிக்கொள்ளும்) சாக்கெட் இருக்கும். வண்டியின் ரெகுலேட்டரைத் தாண்டி வரும் குறைந்த அழுத்த கேஸ் இதில் கிடைக்கிறது. அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் கால் அங்குல அளவு. ஹோஸின் பிளக் உள்ளே உட்கார்ந்தால்தான் இதன் வால்வுக் கைப்பிடி திரும்பும். கைப்பிடியை மூடினால்தான் பிளக் வெளியே வரும். காற்று கம்ப்ரெசர் ஹோஸில் வரும் பிளக் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும். சாக்கெட்டில் நுழைந்தாலும் கேஸைத் தாங்கி அடைக்காது. கேஸுக்கென்று குறிக்கப்பட்டதை மட்டும் வாங்குங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கிரில்லின் ரெகுலேட்டரைக் கழற்றாமல் ஹோஸை மாட்டுவது. 110 பிஎஸ்ஐயை எதிர்பார்க்கும் ரெகுலேட்டருக்கு 0.4 பிஎஸ்ஐ போனால் அதன் சிறிய வாயிலைத் தாண்டி வருவது மிகக் கொஞ்சம். குமிழியை முழுக்கத் திறந்தாலும் நீலப் புள்ளிகளாக ஒரு சுடர், மூடியைத் திறந்ததும் காற்றில் அணைந்துவிடும். பலர் வண்டியின் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றிவிடுகிறார்கள். அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

எனவே கிரில்லின் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, ஹோஸை நேரே பர்னர் வால்வில் சேர்க்க வேண்டும். சில கிரில்களில் ரெகுலேட்டர் தனித் துண்டு. உருவி எடுத்துவிட்டு, அந்த மாடலுக்கான குறைந்த அழுத்த ஹோஸைச் செருகினால் வேலை முடிந்தது. வெபர் கியூ 1200 போன்றவற்றில் ரெகுலேட்டரும் குமிழி வால்வும் ஒரே துண்டு. அதைக் கழற்றினால் சுடரைக் கூட்டிக் குறைக்கும் வழியும் போய்விடும். வண்டிச் சுவரிலுள்ள வால்வைப் பாதி திறந்து சுடரைக் கட்டுப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள்; அது திறக்கவும் மூடவும் மட்டும்தான். இப்படிப்பட்ட கிரில்லுக்கு, வால்வும் ஜெட்டும் (பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் சிறு துளையுள்ள துண்டு) சேர்ந்த மாற்றுத் தொகுதி தேவை. தயாரிப்பாளரின் உத்தரவாதம் அதோடு போய்விடலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஜெட்டை ஏன் மாற்ற வேண்டும்? கேஸ் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பழைய ரெகுலேட்டர் 11 அங்குலத்தைப் போல நான்கு மடங்கு அழுத்தம் கொடுத்திருந்தால், அதே ஜெட்டில் இப்போது பாதி வெப்பம்தான் வரும். ஐரோப்பாவில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அங்கே வண்டிகள் 30 மில்லிபாரில் ஓடுகின்றன, ஜெர்மனியில் தோட்டத்துக்கென்று விற்கும் கிரில்கள் 50 மில்லிபாருக்கானவை. அதை வண்டியில் மாட்டினால் முக்கால் பங்கு வெப்பமே கிடைக்கும். இறைச்சி வேகும், ஆனால் மேற்புறம் சிவக்காது. வாங்கும்போதே 30 மில்லிபார் வகையைக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. ஜெட் துளையைக் கையில் கிடைத்த டிரில் பிட்டால் பெரிதாக்குவது மட்டும் வேண்டாம். விட்டம் கொஞ்சம் கூடினாலே சுடர் மஞ்சளாகிக் கரி படியும்.

ஹோஸ் 3 முதல் 3.6 மீட்டர், உள்விட்டம் 3/8 அங்குலம் இருந்தால் 12,000 பிடியூ (வெப்ப அளவு; கிரில்லில் ஒரு மணி நேரத்துக்கான கணக்கு) கிரில்லுக்குத் தாராளம். 20,000 பிடியூ இரட்டை பர்னரை மெல்லிய நீள ஹோஸில் ஓட்டினால் அழுத்தம் வழியிலேயே குறையும்; வண்டியின் ஹீட்டர் கிளம்பும்போது சுடர் தாழ்வதும் தெரியும். ஃப்ளேர் இணைப்பில் டேப் சுற்றக் கூடாது. அங்கே பித்தளையும் பித்தளையும் அழுந்தித்தான் அடைக்கின்றன. கூம்பு மரையுள்ள குழாய் இணைப்புகளுக்கு மட்டும் கேஸுக்கான மஞ்சள் டேப்.

டேங்க் டீ

கிரில்லில் கைவைக்க விருப்பமில்லை, அல்லது ரெகுலேட்டர் கழலாத வகை என்றால் டேங்க் வால்வுக்கும் வண்டி ரெகுலேட்டருக்கும் நடுவில் ஒரு பித்தளை டீ போடலாம். அதன் ஒரு வாய் 465 கிராம் சிலிண்டரின் கழுத்தைப் போலவே இருக்கும். அங்கிருந்து உயர் அழுத்த ஹோஸ் கிரில்லின் சொந்த ரெகுலேட்டருக்குப் போகிறது. தனக்குக் கீழே சிறு சிலிண்டர் இருப்பதாகவே கிரில் நினைத்துக்கொள்ளும், சுடரில் எந்த வித்தியாசமும் இருக்காது. சில டீக்களில் நான்காவது வாயும் உண்டு; வெளியிலிருந்து பெரிய சிலிண்டரைச் சேர்த்து, நீண்ட நாள் ஓரிடத்தில் நிற்கும்போது வண்டிக்கே கேஸ் கொடுக்கலாம்.

பொருத்துவது ஒருமுறை வேலை. டேங்க் வால்வை மூடி, உள்ளே அடுப்பைப் பற்றவைத்துக் குழாயில் மிச்சமிருக்கும் கேஸை எரித்துவிடுங்கள். டேங்கில் பிஓஎல் என்ற வகை இணைப்பு இருந்தால் அது இடது மரை: வழக்கமாக இறுக்கும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு வால்வையே உடைத்தவர்கள் உண்டு. டீயை இறுக்கியதும் டேங்கை மெதுவாகத் திறந்து எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அம்மோனியாவோ குளோரினோ கலந்த சோப்பு பித்தளையை அரிக்கும். சிறு குமிழி வந்தாலும் மூடிவிட்டு மறுபடி சரிசெய்யுங்கள்.

இந்த வழியின் பலவீனம் ஹோஸில் இருக்கிறது. தரையில் கிடக்கும் அந்த நாலு மீட்டரிலும் முழு டேங்க் அழுத்தம். பக்கவாட்டு ஹோஸில் இருப்பதைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். அதே அளவு கீறல் அங்கே மெல்லிய கசிவு, இங்கே சீறல். 350 பிஎஸ்ஐ என்று அச்சிட்ட ஹோஸைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது. டேங்க் அறையின் கதவு அதை நசுக்காமலும், அறையின் அடியிலுள்ள காற்றுத் துவாரத்தை அது மறைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான புரொப்பேன் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். இன்னொன்று, உயர் அழுத்த கேஸ் ரப்பரிலிருந்து எண்ணெய் போன்ற பொருளை உருவி எடுக்கும். அது நாளடைவில் கிரில் ரெகுலேட்டரில் போய்ப் படிந்து அடைக்கிறது. நன்றாக எரிந்த கிரில் சில மாதங்களில் மந்தமானால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இடையில் ஃபில்டர் போடலாம். வேலை முடிந்ததும் ஹோஸில் கேஸை விட்டுவைக்காமல் இருப்பதும் உதவும்.

கிரில் குமிழி திறந்திருக்கும்போது டேங்க் வால்வை ஒரேயடியாகத் திறந்தால் கேஸ் அளவுமீறிப் பாய்ந்தால் அடைக்கும் மிகைப்பாய்வுத் தடுப்பு விழுந்து சுடர் தாழ்ந்தே நிற்கும். எல்லாவற்றையும் மூடி, ஒரு நிமிடம் பொறுத்து, மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

தனிச் சிலிண்டர்

எந்த மாற்றமும் வேண்டாம், கிரில்லை வண்டியிலிருந்து எவ்வளவு தூரமும் கொண்டுபோகலாம். 465 கிராம் புரொப்பேனில் சுமார் 21,500 பிடியூ. 8,500 பிடியூ கிரில் முழுச் சுடரில் இரண்டரை மணி நேரம் எரியும், 12,000 பிடியூ என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். குளிரில் பாதி காலியான சிலிண்டர் எரிய எரியத் தானே குளிர்ந்து மந்தமாகும். கழற்றிய பிறகு அதன் வாய் வால்வு சரியாக மூடாமல் கசிவதும் நடக்கும். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபின் எடுத்து வையுங்கள், வண்டிக்கு உள்ளே அல்ல. ஒருமுறைச் சிலிண்டரைத் திரும்ப நிரப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். 9 கிலோ சிலிண்டரும் அடாப்டர் ஹோஸும் இருந்தால் 12,000 பிடியூ கிரில் 35 மணி நேரம் போகும். ஆனால் அதற்கும் டீயில் சொன்ன ஹோஸ் எச்சரிக்கைகள் எல்லாம் பொருந்தும்.

யாருக்கு எது

வண்டியில் அவுட்லெட் இருந்து, கிரில் ரெகுலேட்டரும் சுத்தமாகக் கழலுமானால் யோசிக்கவே வேண்டாம், பக்கவாட்டு வழிதான். தரையில் ஓடும் ஹோஸில் உயர் அழுத்தம் இல்லாதது ஒன்றே போதும் காரணமாக. ரெகுலேட்டரும் வால்வும் ஒட்டிய கிரில் ஏற்கெனவே கையில் இருந்தால், அதை அறுத்து மாற்றுவதைவிட டீ போடுவது நேர்த்தி. மாதம் ஒருமுறை கிரில் செய்பவருக்கு இரண்டுமே அதிகம். சிறு சிலிண்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரே எச்சரிக்கை: ரெகுலேட்டர் எடுத்த கிரில்லும் உயர் அழுத்த ஹோஸும் ஒரே வண்டியில் இருக்கவே கூடாது. வேறு யாரோ ஒருநாள் இரண்டையும் சேர்த்து மாட்டிவிடுவார்கள். மாற்றிய கிரில்லின் நுழைவாயில் அருகே 'குறைந்த அழுத்தம் மட்டும்' என்று அழியாத மையில் எழுதி வையுங்கள்.

மூடும் முறையும் வழிக்கு வழி மாறும். பக்கவாட்டு அவுட்லெட்டில் சுவர் வால்வை மூடி, ஹோஸிலுள்ள கேஸ் எரிந்து சுடர் தானாக அணைந்ததும் குமிழியை மூடி, பிளக்கை எடுத்துத் தூசு மூடியைப் போட வேண்டும். டீயில் இதையே செய்ய டேங்க் வால்வை மூட வேண்டும், அதோடு வண்டியின் ஃப்ரிட்ஜும் அணையும். ஹோஸைக் கழற்றி, டீயின் வாயை மூடி, டேங்கைத் திரும்பத் திறந்ததும் உள்ளே போய் ஃப்ரிட்ஜ் மறுபடி பற்றிக்கொண்டதா என்று பார்க்க வேண்டியிருக்கும். டீயின் வாயிலேயே தனி வால்வு ஒன்று சேர்த்துவிட்டால் இந்த நடை மிச்சம்.