உப்புத்தாளா, ஈரத்துணியா, புது ரோலரா? பேப்பர் இழுக்காத பிரிண்டருக்கு எது சரி

ஆடிக் காற்று அடிக்கும்போது மதுரையில் ஜன்னலோரம் வைத்த எந்தப் பொருளின் மேலும் ஒரு விரல் தூசி படியும். பின்பக்கத் தட்டு எந்நேரமும் திறந்தே கிடக்கும் இங்க் டேங்க் பிரிண்டர் மட்டும் எப்படித் தப்பும்? தாளிலிருந்து உதிரும் தூளும் இந்தத் தூசியும் சேர்ந்து, தாளை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலரின் ரப்பரில் படிந்தால், பிடிப்பு போய் வழுக்கத் தொடங்கும்.

கை வைக்கும் முன் நோயைப் பிரித்துக்கொள்ளுங்கள். ரோலர் சுற்றும் சத்தம் கேட்கிறது, தாள் அசையவில்லை என்றால் ரப்பர் வழுக்குகிறது. இரண்டு மூன்று தாள் ஒட்டிக்கொண்டு போனால், தாளை ஒவ்வொன்றாகப் பிரித்து விடும் செப்பரேஷன் பேட் தேய்ந்திருக்கலாம். கோணலாகப் போனால் ஓரக் கைடைத் தாளோடு ஒட்டி வையுங்கள். பாதி வீடுகளில் வேலை அத்தோடு முடிந்துவிடும். ஒரே இடத்தில் சிக்கினால் டார்ச் அடித்துப் பாருங்கள்: கிழிந்த தாள் துண்டு, ஹேர்பின், ஸ்டேப்ளர் பின் ஏதாவது கிடக்கும்.

வழுக்கும் ரப்பருக்கு எங்கள் முதல் ஓட்டு ஈரத்துணிக்குத்தான். பவர் வயரைப் பிடுங்கி, நூல் உதிராத பழைய பனியன் துணியை நனைத்து, சொட்டாதபடி இறுக்கப் பிழிந்து, ரோலரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். முதல் துடைப்பில் துணி கருக்கும். கறை வராத வரைக்கும் விடாதீர்கள். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் பூக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் நல்லது. பெட்ரோல், தின்னர் பட்டால் ரப்பர் உப்பிவிடும். பத்து நிமிடம் காயவிட்டுத் தாள் போடுங்கள். கை எட்டவில்லையே என்று இங்க் டேங்க் பிரிண்டரைக் கவிழ்த்தால், மை கொட்டி வேறு செலவு வரும்.

கை எட்டாத மாடல்களுக்கு மெனுவில் உள்ள ரோலர் கிளீனிங் இருக்கிறது. கேனன் ஜி வரிசையில் ரோலர் முதலில் தாளில்லாமல் சுற்றும், பிறகு மூன்று வெற்றுத் தாள் கேட்கும். லேசான தூசிக்குப் போதும். கண்ணாடி போல் பளபளக்கும் ரப்பரை இது ஒன்றும் செய்யாது.

உப்புத்தாளுக்குப் பெயர் என்னவோ பெரியது. தேய்த்த அன்று கனகச்சிதமாக இழுக்கும். ஆனால் மேல்தோல் போன ரப்பர் சீக்கிரம் தேயும், ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் தாள் கோணும். நாளைக்கு ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், இன்றைக்கு எப்படியாவது ஓட வேண்டும் என்றால் மட்டும் செய்யலாம். ரோலரில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றுகிறவர்களும் உண்டு. சுற்றளவு மாறி இழுக்கும் அளவே தப்பிப்போகும் என்பதால் அதற்கு எங்கள் ஓட்டு கிடையாது.

புது ரோலர் விஷயத்தில் இரண்டு வகைப் பிரிண்டருக்கும் நியாயம் வேறு. கேனன் எல்பிபி2900 போன்ற லேசரில் டோனரை எடுத்து வெளிச்சம் படாமல் மூடி வைத்துவிட்டு, ரோலரின் இருபுறமும் உள்ள சின்னக் கொக்கிகளை விலக்கினால் அது மேலே வந்துவிடும். இரு முனைகளும் வேறு வேறு அளவு, அதனால் மாற்றிப் போடவும் முடியாது. வாங்கும்போது மாடல் எண்ணைச் சொல்லிப் பேடையும் சேர்த்தே வாங்குங்கள். புது ரோலரும் தேய்ந்த பேடும் சேர்ந்தால் தாள் கும்பலாகப் போகும். இங்க் டேங்கில் பல மாடல்களுக்கு உடலையே பிரிக்க வேண்டும். அங்கே துடைப்பதை இரண்டு முறை முயன்றுவிட்டு, டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் பழுதுபார்க்கிறவரிடம் கொடுப்பதே மேல்.

இதற்கெல்லாம் முன் தாளையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். ஐப்பசி மழையில் பிரித்துப் போட்ட கட்டு ஈரம் உறிஞ்சி ஒட்டும், சுருளும். 75 ஜிஎஸ்எம் புதுக் கட்டிலிருந்து இருபது தாளை விசிறிவிட்டு வைத்துப் பாருங்கள். மிச்சத்தை உறையோடு பாலித்தீன் பையில் கட்டி வைக்கலாம்.

ரோலரும் பேடும் புதிது, தாளும் நல்ல தாள், ஆனால் பழைய லேசர் ஒரு தாளை முடிக்கும் முன்பே அடுத்ததையும் இழுக்கிறதா? பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் சாலினாய்டை, அதாவது ரோலரைச் சுற்றவிட்டு நிறுத்தும் சின்ன மின்காந்தத்தைப் பாருங்கள். அதன் தகட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சு, வெயிலுக்கு வெல்லப்பாகு போல உருகி ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் சின்னத் துண்டு துணி டேப் ஒட்டினால் இழுப்பு ஒழுங்குக்கு வரும்.