48 வோல்ட் சார்ஜருக்கு எல்எல்சியா, பேஸ் ஷிப்ட் பிரிட்ஜா?

ஹட்டன், தலவாக்கலை பக்கத் தோட்டங்களுக்கு 1.5 கிலோவாட் பெட்டரி சார்ஜர் கட்ட இரண்டு வழி உண்டு: எல்எல்சி ரெசோனன்ட் (கொயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அதிரும், பிரீக்வன்சியை மாற்றி வெளியீட்டைக் கட்டுப்படுத்தும்), பேஸ் ஷிப்ட் புல் பிரிட்ஜ் (நான்கு ஸ்விட்ச் இரண்டு கால்களாக, கால்களுக்கிடையே நேரத் தள்ளலை மாற்றிக் கட்டுப்படுத்தும்). மொஸ்பெட் என்ற ஸ்விட்சின் மேல் வோல்டேஜ் பூச்சியத்துக்கு இறங்கிய பிறகு அதை ஒன் ஆக்குவதுதான் இரண்டிலும் உத்தி. எபிஷியன்சியில் எல்எல்சி ஒரு படி மேல்; அதில் சண்டையில்லை. ஆனாலும் நான் கட்டுவது பேஸ் ஷிப்ட்தான். காரணம் ரிப்பேர்.

எல்எல்சியின் உயிர் ரெசோனன்ட் கெப்பாசிட்டரில். 25 மைக்ரோஹென்றியும் 100 நானோபாரட்டும் சேர்ந்தால் ரெசோனன்ஸ் சுமார் 100 கிலோஹேர்ட்ஸ். கையிலிருக்கும் 68 நானோபாரட்டைப் போட்டால் அது 122க்குத் தாவும், இம்பீடன்ஸ் 15.8 ஓமிலிருந்து 19 ஆகி, முழு லோட்டில் உச்ச கெயின் (வெளியீட்டை உயர்த்தக்கூடிய அளவு) குறையும். பெட்டரி 57.6 வோல்ட்டை நெருங்க, கன்ட்ரோலர் பிரீக்வன்சியை இறக்கிக்கொண்டே போய் கெப்பாசிட்டிவ் பக்கம் விழும், அதாவது பூச்சிய வோல்டேஜில் ஒன் ஆக முடியாத நிலைக்கு. ஒரு மொஸ்பெட்டின் உள்ளேயே இருக்கும் பொடி டயோட் கடத்தும்போதே எதிரே உள்ளது ஒன் ஆகும். இரண்டும் போச்சு. அளவு சரியாக இருந்து, பொலிப்ரொப்பிலீனுக்குப் பதில் பொலியெஸ்டர் போட்டாலும் சூட்டிலேயே வேகும். சரியான பொருளுக்குப் கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் அதற்கே சரி.

பேஸ் ஷிப்டில் பிரீக்வன்சி நிலையானது. பெட்டரி 42 வோல்ட்டோ 57.6ஓ, டியூட்டி (ஒரு சுற்றில் சக்தி கடத்தும் நேரப் பங்கு) மட்டும் மாறும். குறை, பின்தங்கும் காலில், அதாவது பிந்தி ஸ்விட்ச் ஆகும் ஜோடியில். 400 வோல்ட் பஸ், 10 மைக்ரோஹென்றி லீக்கேஜ் இன்டக்டன்ஸ், அந்தக் காலின் இரண்டு மொஸ்பெட்டுக்கும் சேர்த்து 400 பிகோபாரட் என்றால், பிரைமரியில் 2.5 அம்பியர் இல்லாமல் வோல்டேஜ் முழுதாக இறங்காது. 6:1 ட்ரான்ஸ்போமரில் அது 15 அம்பியர் லோட். பெட்டரி நிறைந்து சிறு கரண்ட் மட்டும் போகும் ப்ளோட் சார்ஜில் அந்தக் கால் ஹார்டாகத்தான் (வோல்டேஜ் இறங்கும் முன்பே ஒன் ஆகி) ஓடும். 100 கிலோஹேர்ட்ஸில் ஓட்டினால் இழப்பு அதிகபட்சம் 6.4 வாட். நுவரெலியா குளிரில் அது நட்டமேயில்லை. போர்டின் ஈரத்தை விரட்டவும் உதவும். செக்கண்டரி டயோட்டின் ரிங்கிங்தான் கவனிக்க வேண்டியது: 400ஐ 6ஆல் வகுத்து வரும் 67 வோல்ட் 130 வரை எகிறும். 100 வோல்ட் டயோட் தாங்காது. 200 வோல்ட்டும் ஆர்சிடி கிளாம்பும் (அந்த எகிறலை வெட்டும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோட் சேர்க்கை) போடுங்கள்.

3 கிலோவாட்டைத் தாண்டினால் இதே பக்கம் நிற்பேனா என்பது சந்தேகம்தான்.

மொஸ்பெட் போனால் அந்தக் காலின் இரண்டையும், டிரைவரையும், கேட் ரெசிஸ்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். கரண்ட் லிமிட் வைத்த 60 வோல்ட் டிசியில் முதலில் ஓட்டி, ஸ்கோப்பின் டிஃபரன்ஷியல் புரோபில் டெட் டைமை (ஒரு காலின் இரண்டு மொஸ்பெட்டும் ஓஃப் ஆக இருக்கும் இடைவெளியை) பாருங்கள். சோல்டர் பிளக்ஸைக் கழுவிக் கோட்டிங் பூசாமல் மூடிவிட்டால், அடுத்த மூடுபனிக் காலத்தில் கேட் பின்னுக்கிடையே ஈரம் ஏறும்.