மல்ச்சிங் ஷீட்டா, வைக்கோலா: கிணற்றுப் பாசன நெல்லுக்கு எது கட்டுப்படியாகும்?

ஈரம் காயாமலும் களை முளைக்காமலும் இருக்க மண்ணை மூடிவைப்பதே மூடாக்கு. அதை வைக்கோலாலும் போடலாம், மல்ச்சிங் ஷீட் என்கிற பிளாஸ்டிக் விரிப்பாலும் போடலாம். மதுரை மாவட்டத்தில் பெரியாறு–வைகைக் கால்வாயில் முறைத் தண்ணீர் பாயும் மேலூர், வாடிப்பட்டி வயல்களுக்கு மூடாக்கு வேண்டாம். போட்ட வைக்கோல் மிதந்து மூலையில் ஒதுங்கிவிடும். அங்கே காய்ச்சலும் பாய்ச்சலுமே, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுவதே போதும். உசிலம்பட்டி, சேடபட்டி, திருமங்கலம் பக்கம் கிணற்றையோ போர்வெல்லையோ நம்பி, சேறடிக்காமல் நேரடி விதைப்பாக நெல் போடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

ஈரம் காப்பதிலும் களையை அடக்குவதிலும் ஷீட் ஒரு படி மேல். கோரை மட்டும் இரண்டையும் துளைத்து வரும். ஆனாலும் என் ஓட்டு வைக்கோலுக்கே.

ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 25 மைக்ரான் ஷீட்டை முழுக்க விரித்தால் ஏறக்குறைய 93 கிலோ பிடிக்கும். வாய்க்கால் ஒதுக்கினாலும் 75 கிலோ. 60-க்கு 60 செ.மீ. கத்தரிக்கு 11,000 துளை போதும். 25-க்கு 25 வைக்கும் நெல்லுக்கோ 65,000 துளை. சீனாவின் ஹூபே மலைப்பகுதியில் நெல்லுக்கு ஷீட் எடுபட்டதற்குக் குளிரில் அது மண்ணைச் சூடாக்குவதும் ஒரு காரணம். மதுரை வெயிலில் அந்த லாபம் நமக்கில்லை.

வாங்கும் காசைவிட எடுக்கும் கூலிதான் கழுத்தை நெரிக்கும். அறுவடைக்குப் பின் 65,000 அரிதாளும் ஆணி அடித்ததுபோல் ஷீட்டைப் பிடித்திருக்கும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அறுவடை எந்திரம் ஏறினால் ஷீட் கிழியும். அந்தத் துண்டுகள் வைக்கோலோடு சேர்ந்து கட்டுக்குள் போய், மாட்டு வயிற்றுக்குள் போகும். தெரிந்தவர் யாரும் அந்த வைக்கோலை வாங்க மாட்டார். மிஞ்சிய துண்டு அடுத்த உழவில் ரொட்டவேட்டர் கலப்பையில் சுற்றிக்கொள்ளும். ஷீட் போட்டால் வைக்கோல் வருமானமும் போய்விடும். இதை யாரும் செலவில் எழுதுவதில்லை.

வைக்கோலும் சும்மா வருவதல்ல. ஏக்கருக்கு 2 டன் வேண்டும், சதுர மீட்டருக்கு அரைக் கிலோ. ஒரு ஏக்கரில் கிடைக்கும் வைக்கோல் கிட்டத்தட்ட முழுதும் இதற்கே போய்விடும். ஆனால் அதிலுள்ள சாம்பல் சத்து ஒரு 50 கிலோ பொட்டாஷ் மூட்டைக்கு ஈடு. அந்த மூட்டை விலையையும் மிச்சமாகும் ஒரு கைக்களைக் கூலியையும் வைக்கோல் விலையில் கழித்துப் பாருங்கள். மீதிதான் உண்மையான செலவு. இலவச மின்சாரம் உள்ளவருக்குத் தண்ணீர் மிச்சம் பணமாகத் தெரியாது. கதிர் வரும் நேரத்தில் கிணறு வற்றுமா என்பதில்தான் அது தெரியும்.

போடும் முறையில் கவனம் வேண்டும். விதைத்த 3 நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது பெண்டிமெத்தலின் களைக்கொல்லியைத் தெளித்துவிடுங்கள். வைக்கோலுக்கு மேல் தெளித்தால் மருந்து மண்ணுக்கே போகாது. பயிர் 15–20 நாளானதும், உதறிய வைக்கோலை வரிசைகளுக்கு நடுவில் மட்டும் பரப்புங்கள். கட்டியாக விழுந்தால் நாற்று மூச்சுமுட்டிச் சாகும். உதிரி நெல் தங்கிய வைக்கோல் கலப்பு ரகத்தை முளைக்க வைக்கும். செம்மண்ணில் கரையான், வரப்போரம் எலி, இரண்டையும் வாராவாரம் பார்க்க வேண்டும். யூரியாவை மேலே வீசினால் வைக்கோலில் ஒட்டி அம்மோனியாவாகப் பறந்துவிடும். சொட்டுநீரில் கரைத்து விடுங்கள், இல்லையேல் வீசிய கையோடு தண்ணீர் பாய்ச்சுங்கள்.

கரிசலில் வெடிப்பு குறைவதால் பலன் கூடுதலாகத் தெரியும். செம்மண்ணில் வித்தியாசம் வயலுக்கு வயல் மாறும், முதலில் பத்து சென்ட்டில் போட்டுப் பாருங்கள். தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்து வைக்கோல் விலை ஏறிய ஆண்டில் மட்டும் மூடாக்கை விட்டுவிட்டு வைக்கோலை விற்றுவிடலாம்.