குழியா, கல்லா, கட்டையா? வறண்ட சாஹேல் நிலத்துக்கு மூன்று வழிகள்

1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் மழை பொய்த்தபோது, சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே நீளும் சாஹேல் வறண்ட பட்டையில், மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் வடபகுதியான யாதெங்காவில் மேல்மண் போய் நிலம் தளம் போட்டதுபோல் இறுகிவிட்டது. பெய்த கொஞ்ச மழையும் உள்ளே இறங்காமல் மிச்ச மண்ணையும் வாரிக்கொண்டு ஓடியது. பலர் ஊரைக் காலி செய்தார்கள். நிலத்தை விடாதவர்கள் என்ன செய்தார்கள்?

அங்கே பாட்டன் காலத்திலிருந்தே 'ஸாய்' என்று விதை ஊன்றும் சிறு குழி உண்டு. யாகூபா சவாடோகோ என்ற விவசாயி அந்தக் குழியை அகலமாக, ஆழமாகத் தோண்டித் தொழுவுரம் போட்டார். கோடையிலேயே தோண்டிவிட வேண்டும். எருவுக்குக் கறையான் வரும், மண்ணைத் துளைக்கும், அந்தத் துளை வழியே மழைநீர் இறங்கும். நாம் கறையானைக் கண்டால் மருந்து தேடுவோம். அங்கே அதுதான் சம்பளமில்லாத கூலியாள்! கம்பும் சோளமும் விளைந்தன. எருவில் கிடந்த மர விதைகளும் முளைத்தன. அவற்றை வெட்டாமல் விட்டதில் ஒரு காடே உருவானது. ஆனால் இடுப்பு ஒடியும் வேலை. ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் குழிக்கு மேல்கூட ஆகும். மணற்பாங்கான நிலத்தில் குழி சீக்கிரம் தூர்ந்துவிடும்.

கல் வரிசையும் அதே பகுதியில் பரவியதுதான். சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் கற்களை அடுக்குவார்கள். மட்டம் பார்க்க, நம்மூர்க் கொத்தனார் பிடிக்கும் அதே தண்ணீர் டியூப் போதும். மண் வரப்பைப் போல் வெள்ளத்தில் சட்டென்று உடையாது; நீர் கசிந்து போகும், வண்டல் பின்னால் தங்கும். சரி, கல்லுக்கு எங்கே போவது? பக்கத்தில் இல்லையென்றால் லாரி வாடகை கட்டுப்படியாகாது.

மூன்றாவது, பக்கத்து நாடான நைஜரின் மராடி பகுதியில் 1983-இல் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் தொடங்கிய முறை. நட்ட கன்றுகள் பட்டுப்போக, வயலில் புதராகத் தெரிந்தவை வெட்டிய மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகள் என்று கவனித்தார். நல்ல தளிர் சிலவற்றை விட்டு மற்றதைக் கழித்தால் மரமாகிவிடும். செலவு ஒரு கத்தி. நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இப்படி மரங்கள் திரும்பின. மரம் அரசுக்குச் சொந்தம் என்ற பழைய விதி தளர்ந்த பிறகே விவசாயிகள் துணிந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இறுகிய தரைக்கு என் ஓட்டு குழிக்கே. வெள்ளம் அடித்துக்கொண்டு ஓடும் சரிவென்றால் முதலில் கல், அப்புறம் குழி. மண்ணுக்குள் உயிருள்ள வேர் இருந்தால் கட்டையை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஆடு மாட்டை யார் தடுப்பது என்று ஊர் கூடிப் பேசி முடிக்காமல் அதில் இறங்கக் கூடாது.